யாரு தம்பி வாசிக்கிறது?

"யாரு தம்பி வாசிக்கிறது?" என்று உறுமி மேளம் வாசிக்கிற அண்ணன் போனில் கேட்டபோது, என் ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்தது அவருடைய உறுமிதான். போனை எடுக்கிற அவசரத்தில் சத்தத்தைக் குறைக்க மறந்துவிட்டேன். "சாம்பிள்ணே" என்றேன். பதிவு செய்து வைத்து, வேண்டும்போது எடுத்துப் போடுகிற ஒலித்துண்டு. கொஞ்ச நேரம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். "நல்லாத்தான் வாசிக்கிறான். ஆனா மூச்சே விடமாட்டேங்கிறானே" என்றார். அப்புறம், சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் ஏதாச்சும் வேலை இருந்தால் சொல்லச் சொன்னார். தேவைப்பட்டால் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அதற்கு ஒன்றரை வருடம் முன்பு, நான் இசையமைத்த ஒரு குறும்படத்தின் எழவு வீட்டுக் காட்சிக்காக அவரை உசிலம்பட்டிப் பக்கமிருந்து வரவழைத்திருந்தேன். அந்தப் படத்தில் எனக்குக் கிடைத்ததே 5,000 ரூபாய். அதில் அவருக்கு 2,000, பஸ் காசு தனி. குறைத்துக் கொடுத்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. இதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டுவிட்டேன்.

முதல் நாள் ராத்திரி மழை பெய்திருந்ததால் தோல் தொய்ந்து கிடந்தது. மொட்டை மாடியில் வெயில் ஏறும்வரை உறுமியைச் சுவரில் சாய்த்து வைத்து, அவ்வப்போது விரலால் சுண்டிப் பார்த்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். உறுமியில் ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பார்கள். மறு முகத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில்தான் அடிவயிற்றிலிருந்து வருவது போன்ற உறுமல் எழும். கீபோர்டில் எத்தனை நாள் தேடியும் எனக்கு அது அகப்படவில்லை.

காட்சி நொடிக்கு 24 பிரேமில் எடுக்கப்பட்டிருந்தது. டெம்போவை நிமிடத்துக்கு 72 தட்டு என்று வைத்தால் ஒரு தட்டுக்குச் சரியாக 20 பிரேம். பாடையைத் தூக்குவது, கதவைச் சாத்துவது எல்லாம் தட்டில் போய் விழும். பகலில் கல்யாண வீடுகளில் கீபோர்டு வாசித்துவிட்டு ராத்திரிகளில் கண்விழித்து நான் கற்றுக்கொண்டது இதைத்தான். ஆகவே அவர் காதில் ஹெட்போனை மாட்டி, தாளத்தைக் காட்டும் கிளிக் சத்தத்தைப் போட்டேன். ஐந்து நிமிடத்தில் கழற்றிவிட்டார். "இந்த டிக் டிக்கு என்னைய நடக்க விடமாட்டேங்குது தம்பி." சரி, அவர் போக்கில் வாசிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். 40 நிமிடம் வாசித்தார். அடுத்த இரண்டு நாளும் அதை வெட்டி, ஒவ்வொரு அடியையும் கம்ப்யூட்டரில் தாளக் கட்டத்துக்குள் இழுத்து வைத்தேன். அவர் நின்று நிதானித்த இடங்கள்தான் முதலில் போயின.

வாய்ப்புக் கேட்டுப் போட்டுக் காட்டுகிற என் டெமோ ரீலின் முதல் 12 நொடி அந்த உறுமல்தான். அதைத் தூக்கிக்கொண்டு வைகை எக்ஸ்பிரஸில் எத்தனை முறை சென்னைக்குப் போய் வந்தேனோ! கடைசியில் முழுநீளப் படம் ஒன்று அமைந்தது. என் மெட்டுகளைப் பற்றி அந்த இயக்குநர் ஒன்றும் சொல்லவில்லை. "அந்தச் சத்தம் வேணும்" என்றார். சுருதியைக் கொஞ்சம் இறக்கி அதையே மறுபடி போட்டேன். போன் வந்தபோது ஓடிக்கொண்டிருந்தது அந்தப் படத்தின் ஒரு ரீல், அதாவது படத்தின் ஒரு பகுதி.

சாம்பிள் என்று சொன்னது பொய்யில்லை. பதிவு செய்து வைத்ததை மறுபடி எடுத்துப் போடாத இசையமைப்பாளர் இன்று யார்? நான்கு நாளில் ஒரு ரீலை முடிக்கச் சொல்கிறார்கள். நடுவில் எடிட்டையும் மாற்றுகிறார்கள். ஒவ்வொரு முறையும் அவரை வரவழைத்து, தோல் காயும்வரை காத்திருக்க முடியுமா? ஆனால் சாம்பிள்களை முறையாகத் தயாரித்து விற்பவர்கள், இதற்குத்தான் என்று வாசிப்பவரிடம் சொல்லி, எழுதி வாங்கி, அதற்கான பணம் கொடுக்கிறார்கள். நான் அவரிடம் சொன்னது ஒரே ஒரு குறும்படத்தை.

பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, தியேட்டருக்கு வெளியே பாட்டு பயன்படும்போது இசையமைப்பாளருக்கு வரவேண்டிய ராயல்டிப் பங்கைத் தயாரிப்பாளர் எழுதி வாங்கிவிட முடியாது. இதை நான் மனப்பாடமாக வைத்திருந்தேன். ஒப்பந்தம் போடும்போது விடாமல் பேசவும் செய்தேன். வாசித்தவருக்கும் நிகழ்த்துநர் உரிமை என்று ஒன்று 50 வருடத்துக்கு உண்டு என்பது அதே சட்டத்தில்தான் இருக்கிறது. அந்தப் பகுதியைப் படித்தது இந்தப் போனுக்கு அப்புறம்தான்.

அவருக்குத் தெரிந்துவிட்டதா என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. காலமெல்லாம் உறுமியோடு இருக்கிறவருக்குத் தன் கை தெரியாமல் போகுமா? தெரியவில்லை என்றால், அந்த வாசிப்பை நான் என்ன பாடு படுத்தியிருக்கிறேன்? தெரிந்துதான் சொன்னார் என்றால், ஏன் "வாசிக்கிறான்" என்றார்? எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தாரா? இல்லை, ஒன்றுமே நினைக்காமல் வேலை கேட்கத்தான் கூப்பிட்டாரா? ராத்திரி ஒரு பதில் சரியாகப் படுகிறது. காலையில் இன்னொன்று.

வெட்டாத அந்த 40 நிமிடத்தை நேற்று மறுபடி கேட்டேன். ஆரம்பத்தில் "அடிக்கட்டா தம்பி?" என்று அவர் கேட்பதும் "ம், வாசிங்கண்ணே" என்று நான் சொல்வதும் பதிவாகியிருக்கின்றன. இப்போது கைவசமுள்ள படத்திலும் உறுமி கேட்கிறார்கள். ப்ராஜெக்டில் 'உறுமி சாம்பிள் 3' என்றிருந்ததை அழித்துவிட்டு அவர் பெயரைப் போட்டிருக்கிறேன். அவருக்கு இன்னும் போன் செய்யவில்லை.