ஜான் போஸ்டலின் அடைப்புக்குறி

1972 மே மாதம் இணைய முன்னோடி ஜான் போஸ்டல் எழுதிய ஒரு சிறு குறிப்பை, இணையத்தை வடிவமைத்தவர்களின் எண்ணிட்ட ஆவண வரிசையில் வந்த ஆர்.எஃப்.சி. 349-ஐ, நேற்றிரவு மறுபடியும் படித்தேன். கணினிகள் பேசிக்கொள்வதற்கான எண்களை ஒதுக்கித் தர ஒரு 'ஜார்', அதாவது முழு அதிகாரம் கொண்ட ஒருவர், வேண்டும் என்று முன்மொழிந்தவர், பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் 'நானா?' என்றும் கேட்டிருக்கிறார். அப்போது அவர் ஆய்வு மாணவர். முனைவர் பட்டம் பெற்றதே 1974-இல்தான்.

அந்தப் பொறுப்பு கடைசிவரை அவரிடமே இருந்தது. தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் இருந்தபடி, இணைய முகவரியின் இறுதியில் வரும் .in போன்ற நாட்டுக் குறியீட்டு டொமைன்களை யாரிடம் ஒப்படைப்பது என்பதையும் அவரே கவனித்தார். எது நாடு, எது நாடல்ல என்று தீர்மானிப்பது எங்கள் வேலையல்ல என்று 1994-இல் எழுதி, நாட்டுக் குறியீடுகளுக்கான பன்னாட்டுத் தரமான ஐ.எஸ்.ஓ. 3166 பட்டியலைக் கைகாட்டினார். நழுவல் போலத் தோன்றினாலும், எத்தனையோ அரசியல் வழக்குகளை வாசலிலேயே நிறுத்திய வரி அது என்பேன்.

1998 ஜனவரியில், இணைய முகவரித் தேடலின் தொடக்கப் புள்ளியான வேர்ச் சேவையகங்களை நடத்தியவர்களில் எட்டுப் பேருக்கு மின்னஞ்சல் அனுப்பி, முகவரிப் பட்டியலின் முதன்மைப் பிரதியை அதுவரை எடுத்துவந்த இடத்தை விட்டுத் தம் கணினியிலிருந்து எடுக்கச் சொன்னார். அவர்களும் மறுக்காமல் மாற்றினார்கள். அமெரிக்க அரசு சினந்தபோது, அது வெறும் சோதனை என்று சொல்லிப் பழைய நிலைக்கே திருப்பிவிட்டார். சோதனைதானா என்பதில் எனக்கு இன்றும் ஐயம் உண்டு.

அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் இந்தப் பெயர்களையும் எண்களையும் நிர்வகிப்பதற்கான ஐகான் அமைப்பு உருவானது. அக்டோபர் 16 அன்று, 55 வயதில், போஸ்டல் காலமானார்.