ஜிப்ஸிக்கு ட்ரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில்

இன்று வீட்டு வாசலிலேயே என் மாருதி ஜிப்ஸி ஜீப்பின் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் ஆயிலை மாற்றினேன். என்ஜின் ஆயிலை எல்லோரும் கவனிக்கிறோம். முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் இந்தப் பெட்டியை யாரும் கண்டுகொள்வதில்லை. எனக்கு அதில் வருத்தம்தான்.

வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு சமதரையில் நிறுத்துங்கள். சூட்டில் ஆயில் இளகி நன்றாக வடியும். முதலில் மேலே உள்ள ஃபில்லர் பிளக்கை (ஆயில் ஊற்றும் துளையின் மூடி) கழற்றுங்கள், அப்புறம்தான் கீழே உள்ள ட்ரெயின் பிளக் (ஆயிலை வடிக்கும் துளையின் மூடி). மேலே உள்ளது துருப்பிடித்து இறுகியிருந்தால், எல்லாவற்றையும் வடித்த பிறகு புது ஆயிலை எப்படி ஊற்றுவீர்கள்?

வடிந்ததை உற்றுப் பாருங்கள். பால் கலந்த காபி போல இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆற்றில் இறங்கி ஏறும் வண்டிகளில் இது நடக்கும். நைசான சாம்பல் நிறப் பசை கொஞ்சம் இருந்தால் பயமில்லை. இரும்புத் துணுக்குகள் வந்தால் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

ஜிப்ஸிக்கு கியர் ஆயில். சில வண்டிகளுக்கு ஏடிஎஃப் எனும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில், அதனால் கையேட்டைப் பார்த்தே வாங்குங்கள். ஃபில்லர் துளையின் விளிம்பில் லேசாக வழியும் வரை ஊற்றினால் போதும். பழைய ஆயிலை மட்டும் தயவுசெய்து சாக்கடையில் ஊற்றாதீர்கள். கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.