ரன்னர் பீன்ஸ் நாட்குறிப்பு: நாற்றுத் தொட்டியிலிருந்து கொழுகொம்பு வரை

மார்ச் 29

இடம் தென் இங்கிலாந்து, ஹெர்ட்ஃபோர்ட்ஷைர். சரிவின் அடியில் இருக்கும் அலாட்மென்ட் துண்டு, அதாவது வாடகைக்கு எடுத்த சிறு தோட்ட நிலம். கடைசி உறைபனி இங்கே பெரும்பாலும் மே நடுவில். மேட்டில் இருக்கும் தோட்டங்களுக்கு ஒரு வாரம் முன்னதாகவே பனி விட்டுவிடும். ஸ்காட்லாந்தில் ஜூன் பிறந்த பிறகுதான் நிம்மதி.

எப்போது விதைப்பது என்ற கணக்கை இந்தத் தேதியிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். விதையிலிருந்து நடும் பருவத்து நாற்று வர 5 வாரம். மே மூன்றாம் வாரம் நட வேண்டுமென்றால் விதைப்பு ஏப்ரல் நடுவில். மார்ச்சிலேயே போட்டால் ஏப்ரல் கடைசியில் கொடி வீசத் தொடங்கிவிடும். வெளியே நட முடியாது, உள்ளே வைக்கவும் இடம் இருக்காது. தொட்டிக்குள் வேர் சுருண்டு நின்றுபோன நாற்று பிறகு நட்டாலும் பல நாள் அசையாது.

பொரியலுக்கு நாம் வாங்கும் பீன்ஸ் வேறு இனம்; இது மெக்சிகோ, மத்திய அமெரிக்க மலைகளிலிருந்து வந்த இன்னொரு இனம். சிவப்புப் பூ, சொரசொரத்த அகலக் காய், ஊதாவில் கறுப்புப் புள்ளி போட்ட பெரிய விதை. மலைப்பயிர் என்பதால் மிதமான குளிர்ச்சி பிடிக்கும். உறைபனி மட்டும் ஒரு இரவுகூடத் தாங்காது.

ஏப்ரல் 11

முதல் விதைப்பு. ஸ்கார்லெட் எம்பரர் ரகம் 24 விதை, உதிரிக்கு 4.

12 செ.மீ. ஆழமுள்ள வேர்த்தொட்டிகள். வழக்கமான 9 செ.மீ. தொட்டியும் போதும்தான், ஆனால் விதையை 5 செ.மீ. ஆழத்தில் வைத்தபின் அடியில் வேருக்கு மிஞ்சுவது கொஞ்சமே. கழிப்பறைக் காகிதச் சுருளின் அட்டைக் குழாயும் நல்லதுதான்; குழாயோடு நட்டுவிடலாம், வேர் கலையாது. ஒன்றில் கவனம் வேண்டும்: நடும்போது அட்டை விளிம்பு மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டினால் விளக்குத்திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல அது உள்ளே இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக் காற்றுக்குக் கொடுத்துவிடும். ஒரே நாளில் வேர்க்கட்டி காய்ந்து போகும்.

கலவை: பல்நோக்குக் கம்போஸ்ட் 3 பங்கு, பெர்லைட் என்ற பொரிந்த, கனமற்ற கல் 1 பங்கு. முதலில் கலவையை நனைத்து வழியவிட்டு, பிறகு விதை. விதை படுத்தவாக்கில், தொட்டிக்கு ஒன்று. மூடிய பிறகு தண்ணீர் இல்லை.

விதையை இரவு முழுக்க ஊறப்போடும் வழக்கம் பலருக்கு உண்டு. வேண்டாம். ஒரே கிண்ணத்தில் ஊறும்போது ஒரு விதையில் இருக்கும் ஒளிவட்டக் கருகல் நோயின் பாக்டீரியா எல்லா விதைக்கும் பரவும். தண்ணீரை வேகமாக இழுத்துக்கொள்ளும் விதையில் பருப்பு வெடிப்பதும் உண்டு. ஈரமான கலவை தரும் ஈரமே முளைக்கப் போதும்.

வைத்த இடம் வீட்டுக்குள், 18 முதல் 20 டிகிரி செல்சியஸ். 10 டிகிரிக்குக் கீழே இந்த விதை பெரும்பாலும் முளைக்காது, கிடந்து அழுகும்.

ஏப்ரல் 15

தண்ணீர் விடவில்லை. தொட்டியைக் கையில் தூக்கிப் பார்த்தால் கனம் தெரிகிறது. அந்தக் கனம் இருக்கும்வரை பூவாளிக்கு வேலை இல்லை. இந்த வாரத்தில் விதை கெடுவது பெரும்பாலும் அன்பு மிகுந்து தண்ணீர் ஊற்றுவதால்தான்.

ஏப்ரல் 21

28-க்கு 25 முளைத்தது. முளைக்காத மூன்றையும் கிளறிப் பார்த்தேன்: இரண்டு விதை கூழாகிவிட்டது, ஒன்று நல்ல விதை, தாமதம். அதைத் திரும்ப மூடியாயிற்று.

இங்கே ஒரு விஷயத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். சாதாரண பீன்ஸ் முளைக்கும்போது இரண்டு பருப்பும் தண்டோடு மேலே வந்து வித்திலையாக விரியும். ரன்னர் பீன்ஸில் பருப்பு மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். வளைந்த தண்டு ஒன்று மட்டும் மண்ணைக் கீறிக்கொண்டு வந்து, நிமிர்ந்து, சுருங்கிய இரண்டு இலையைப் பிரிக்கும். உணவுக் கையிருப்பும், பருப்பின் கக்கத்தில் இருக்கும் உறங்கும் மொட்டுகளும் மண்ணுக்கு அடியில். மேலே பனியோ நத்தையோ மேய்ந்துவிட்டாலும் செடிக்கு இரண்டாவது வாய்ப்பு இருப்பது இதனால்தான்.

முளைத்த அன்றே வெளிச்சத்துக்கு மாற்ற வேண்டும். சூடான அறையில் மங்கிய ஜன்னலோரம் நான்கு நாள் விட்டால் தண்டு நூல்போல நீண்டுவிடும். எல்லாம் சூடேற்றாத கிரீன்ஹவுஸுக்குப் போயிற்று. இரவில் மேலே ஃபிளீஸ் என்ற மெல்லிய பனிக்காப்புத் துணி ஒரு மடிப்பு. எலிகளுக்கு இந்த விதை மிகப் பிடிக்கும் என்பதால் தட்டு தரையில் இல்லாமல் மேசை மேல்.

மே 2

இரண்டாம் விதைப்பு, 16 விதை. சூடு எதுவும் இல்லாமல் நேரடியாகக் கிரீன்ஹவுஸில். முதல் தொகுதி பனியில் போனால் இது காப்பு. போகாவிட்டால் காய்ப்பை நீட்டிக்கும்.

நிலத்து மண் காலை 8 மணிக்கு, 10 செ.மீ. ஆழத்தில், 9 டிகிரி. நேரடி விதைப்புக்கு இது போதாது. இந்தக் குளிர்ந்த ஈர மண்ணில் முளை வர மூன்று வாரமாகும். அதற்குள் விதை ஈயின் புழு பருப்பைத் துளைத்துவிடும். காலையில் 12 டிகிரி தொடர்ந்து ஒரு வாரம் காட்டினால் நேரடியாக விதைக்கலாம்.

மே 4

நாற்றுகளை வெளிக்காற்றுக்குப் பழக்கத் தொடக்கம். முதல் இரண்டு நாள் நிழலில், காற்று படாமல், 3 மணி நேரம். பிறகு காலை வெயில். ஐந்தாம் நாளிலிருந்து பகல் முழுக்க வெளியே. ஏழாம் நாள் இரவு கோல்டு பிரேம் என்ற கண்ணாடி மூடிப் பெட்டியில், மூடியில் ஒரு கை இடைவெளி விட்டு. ஒரு வாரத்துக்குக் குறைத்தால் இலை வெளுத்துத் தாள்போலாகிவிடும். அதைப் பனி என்று தவறாக நினைப்பவர்கள் உண்டு, உண்மையில் அது வெயிலும் காற்றும் சுட்டது.

குறிப்பு: பழக்குவதால் நாற்றுக்குக் காற்றும் வெயிலும் குளிரும் பழகும். உறைபனி பழகாது. கோஸ் வகைகளைப் போலப் பனியைத் தாங்கும் குணம் பீன்ஸுக்கு எந்தப் பயிற்சியிலும் வராது.

மே 11

முதல் தொகுதியில் 24 நாற்றும் நட்டாயிற்று. ஒரு வாரம் முந்தியதுதான். கொடி நுனிகள் ஒன்றோடொன்று பின்னத் தொடங்கிவிட்டன; இனித் தொட்டியில் வைப்பதும் கேடு.

2.4 மீட்டர் மூங்கில் கழிகள், இரண்டு வரிசை, வரிசைக்கு நடுவே 60 செ.மீ., கழிக்குக் கழி 20 செ.மீ. ஒரு கழிக்கு ஒரு செடி. கழியை முதலில் ஊன்றி, பிறகுதான் நடவு; மாற்றிச் செய்தால் வேரில் குத்தும். கொடி மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். கையால் சுற்றிவிடுவதானால் அந்தத் திசையிலேயே. மாற்றிச் சுற்றினால் ஒரே இரவில் தானே பிரிந்து தொங்கும்.

காப்பு மூன்று விதம். 16 செடிக்கு வளைவுக் கம்பி மேல் சதுர மீட்டருக்கு 17 கிராம் எடையுள்ள ஃபிளீஸ், இரட்டை மடிப்பு. 6 செடிக்கு அடி அறுத்த 2 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில். ஓரத்தில் மீந்த 2 செடிக்கு ஃபிளீஸின் நுனியை இழுத்துக் கல் வைத்தது மட்டும்.

மூடாக்கு போடவில்லை, வேண்டுமென்றேதான். பகலில் வெயில் வாங்கிய வெறும் மண் இரவில் சூட்டை மேலே விடும். வைக்கோல் பரப்பினால் அந்தச் சூடு அடியிலேயே அடைபடும். செடி மட்டும் விறைக்கும். மூடாக்கு ஜூனில்.

மே 13, மாலை

முன்னறிவிப்பு: இரவு குறைந்தபட்சம் 3 டிகிரி. மேகமில்லை, காற்று இல்லை. பூஜ்யத்துக்கு மேல்தானே என்று விட்டால் செடி போய்விடும். அந்த 3 டிகிரி 1.25 மீட்டர் உயரத்தில் அளக்கும் காற்றின் வெப்பம். இப்படித் தெளிந்த அசையாத இரவில் நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். தரையோரம் 4, 5 டிகிரிகூடக் குறையும். மேகம் இருந்தால் அது போர்வை. காற்று அடித்தால் மேல்காற்றும் கீழ்க்காற்றும் கலந்துவிடும். இரண்டும் இல்லாத இரவுதான் அபாயம்.

குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கித் தாழ்வில் தேங்கும். இந்த மாவட்டத்திலேயே ரிக்மன்ஸ்வொர்த் பக்கம் ரயில்பாதைக் கரை ஒன்று பள்ளத்தாக்கில் அணைபோல நின்று குளிர்காற்றைத் தேக்கியதால் அந்த இடம் உறைபனிக்குப் பேர்போனது. நம் துண்டில் அதே வேலையைச் செய்வது கீழ்க்கோடி வேலிப்புதர். அதன் அடியில் ஓர் ஆள் நுழையும் அளவு வெட்டிவிட்டால் காற்று வழிந்துபோகும்.

மாலை 4 மணிக்கு மண்ணுக்கு மட்டும் தண்ணீர், இலையில் படாமல். ஈர மண் காய்ந்த மண்ணைவிட அதிகச் சூட்டைப் பிடித்து வைக்கும். 6 மணிக்கு, சூரியன் இறங்கும் முன்பே, ஃபிளீஸை இழுத்து மூடி ஓரமெல்லாம் மண் போட்டாயிற்று. இருட்டிய பிறகு மூடினால் போன சூடு போனதுதான். பாட்டில்களுக்கு மூடி திருகியாயிற்று. பகலில் அதைக் கழற்றியே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே வெந்துவிடும்.

ஐரோப்பாவில் மே 11-ஐ ஒட்டி வரும் புனிதர்களின் நாட்களுக்குப் பனிப் புனிதர்கள் என்றே பெயர். அது கழியாமல் மென்பயிரை வெளியே நட மாட்டார்கள். நீலகிரியில் டிசம்பர், ஜனவரியில் தேயிலைச் செடி மேல் காட்டுத்தழை பரப்புவதும் இதே தத்துவம்தான்: செடியின் சூடு நேரே வானத்துக்குப் போகாமல் நடுவில் ஒரு தடுப்பு.

மே 14, காலை 5.30

தரையில் வைத்த தெர்மாமீட்டர் –1.5. இரட்டை ஃபிளீஸுக்குள் 1. பாட்டிலுக்குள் 0.

ஃபிளீஸின் மேல்புறம் பனி படிந்து அப்பளம்போல விறைத்திருந்தது. உள்ளே 15 செடி நலம். ஒன்றில் மட்டும், கம்பி தாழ்ந்து நனைந்த துணி இலையில் ஒட்டிய இடத்தில், நாணயம் அளவுக்குக் கறுப்பு. துணி இலையைத் தொடக் கூடாது என்பது இதற்காகத்தான். பாட்டிலுக்குள்ளும் சுவரில் ஒட்டியிருந்த இலை நுனிகள் கருகின, குருத்து பிழைத்தது.

ஓரத்து இரண்டும் போயின. கல் நகர்ந்து துணி விலகியிருந்தது. 6 மணிக்கு இலை கரும்பச்சைக் கண்ணாடிபோல, எண்ணெய் தடவியது மாதிரி, விறைப்பாக இருந்தது. வெயில் தொட்டு அரைமணியில் தொய்ந்து, 10 மணிக்கு வெந்த கீரை, மாலைக்குள் கறுப்பு. செல்களுக்கு இடையே உள்ள நீர் முதலில் உறைந்து, செல்லுக்குள் இருக்கும் நீரையும் வெளியே இழுத்துவிடுகிறது. பனி உருகும்போது சவ்வு கிழிந்து சாறெல்லாம் ஒழுகிவிடும். கிழக்கு வெயில் நேரே அடிக்கும் இடத்தில் உருகல் வேகமாகி, சேதமும் கூடும்.

பிடுங்கவில்லை. கறுத்த தண்டை மண்ணுக்கு 2 செ.மீ. மேலே வெட்டிவிட்டு, தண்ணீரைக் குறைத்தாயிற்று. இலையில்லாத செடி தண்ணீர் குடிக்காது. ஊற்றினால் வேர் அழுகும்.

மே 20

மண் 13 டிகிரி. ஒரு மூலையில் 6 விதை நேரடியாக.

மே 24

வெட்டிய இரண்டில் ஒன்றில் மண்ணைப் பிளந்துகொண்டு இரண்டு தளிர், பருப்பின் கக்கத்திலிருந்து. வலுவானதை விட்டு மற்றதைக் கிள்ளியாயிற்று. இன்னொன்று எழவில்லை, தோண்டினால் பருப்பு கரைந்து நாற்றம்.

மே 29

இரண்டாம் தொகுதி நடவு, 14 செடி. ஃபிளீஸ் கழற்றியாயிற்று, ஆனால் மடித்து உள்ளே வைக்காமல் வரிசை ஓரத்திலேயே. ஜூன் முதல் வாரத்திலும் இந்தத் தாழ்வில் ஒரு இரவு வரலாம்.

இனி எதிரி நத்தை. ஃபிளீஸுக்கு அடியில் ஈரமும் இருட்டும் அதற்குக் கொண்டாட்டம். ஒவ்வொரு கல்லையும் தூக்கிப் பார்த்துப் பொறுக்க வேண்டும். நத்தையைக் கொல்லும் மெட்டால்டிஹைட் குருணை பிரிட்டனில் 2022 முதல் வெளித்தோட்டத்துக்குத் தடை. ஃபெரிக் பாஸ்பேட் குருணை உண்டு. குவிக்காமல், சாண் இடைவெளியில் ஒவ்வொன்றாகத் தூவினால்தான் பலன்.

ஜூன் 14

உயரம்: முதல் தொகுதி 1.3 மீட்டர். இரண்டாம் தொகுதி 80 செ.மீ. நேரடி விதைப்பு 25 செ.மீ. பனியில் கருகி எழுந்தது 40 செ.மீ., இலை சிறுத்து. கருகிய செடிக்குக் காத்திருப்பதைவிடக் கையில் உதிரி நாற்று இருந்தால் அதை நடுவதே மேல் என்று இந்த அளவு காட்டுகிறது.

மூடாக்கு இப்போது: மண்ணை நன்றாக நனைத்த பிறகு, மட்கிய தழை 5 செ.மீ., தண்டைத் தொடாமல்.

ஜூலை 19

முதல் தொகுதியில் முதல் பறிப்பு, 18 செ.மீ. காய்கள், 600 கிராம். இரண்டாம் தொகுதியில் இப்போதுதான் விரல் நீளம். அதற்கு இன்னும் 9, 10 நாள். விதைப்பில் 21 நாள் முந்தியது, காயில் பாதிகூட இல்லை. மே மாதக் குளிரில் செடி நின்ற நாட்கள் அவ்வளவு.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்க வேண்டும். ஒரு காய் முற்றி விதை புடைத்தாலும் கொடி பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். பச்சையாக யாரும் கடிக்க வேண்டாம். நன்றாக வெந்த பிறகே சாப்பிட வேண்டிய காய் இது.