சத்தியம் யார் செய்வது?

எங்கள் சங்கத்துக்குக் கடன் கேட்டு வரும் பெண்கள், படிவத்தைக் கையில் எடுக்க முன்பே சத்தியம் செய்துவிடுவார்கள். "வற்றாப்பளை அம்மாள் அறியக் கட்டிவிடுவேன் தம்பி" என்பார் ஒருவர். மடு மாதாவைச் சாட்சிக்கு அழைப்பார் இன்னொருவர். நீராவிப்பிட்டியிலிருந்து வரும் முஸ்லிம் தாய் அல்லாஹ்வின் பெயரைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவார். முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு சிக்கனக் கடன் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் பிரிவைப் பார்ப்பவன் நான். இந்தச் சத்தியங்களை ஒரு நாளும் வாய்ப்பேச்சாக எடுத்ததில்லை. இரவுச் சாப்பாட்டைக் குறைத்துத் தவணை கட்டிய பெண்களை எனக்குத் தெரியும். ஆனால் இத்தனை வருட வேலையில் ஒரு கேள்வி மட்டும் என்னை விடவில்லை. கடன் வாங்குகிறவர் தெய்வத்தின் முன் வாக்குக் கொடுக்கிறார். கொடுக்கிறவரிடம் யார் வாக்கு வாங்குகிறார்கள்?

2009க்குப் பிறகு மீள்குடியேறியவர்களிடம் அடகு வைக்க ஒன்றும் இருக்கவில்லை. நகை இடம்பெயர்ந்த வழியிலேயே போய்விட்டது. காணிக்கு உறுதி இல்லாத குடும்பங்கள் ஏராளம். ஏ9 வீதி நெடுக வங்கிகளும் லீசிங் நிறுவனங்களும் திறந்தன. வங்கி பிணை கேட்டது. சிறுதொகைக் கடன் கொடுக்கும் நுண்கடன்காரர் கேட்கவில்லை. அயலில் உள்ள பெண்களை ஒரு குழுவாக்கி, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்று எழுதிக்கொண்டார்கள். அடகாகப் போனது அயலவர் முகத்தில் விழிக்க வேண்டும் என்ற மானம்தான்.

ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு வீட்டு முற்றத்தில் அப்படியான கூட்டமொன்றைப் பார்த்தேன். காலையிலேயே மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டான் வசூலிக்கும் பையன். ஒருத்தியின் தவணை வரவில்லை. காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போயிருந்தாள். காசு நிரம்பும்வரை யாரும் எழும்ப முடியாது என்றான் பையன். அவனும் ஓர் ஏழை வீட்டுப் பிள்ளைதான், மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவன். வெயில் ஏறியது. கடைசியில் வயதான அம்மா ஒருவர் சேலைத் தலைப்பில் முடிந்திருந்த கச்சான் விற்ற காசை அவிழ்த்தார். கசங்கிய தாள்களைத் தொடையில் வைத்து ஒவ்வொன்றாக நீவி எண்ணிக் கொடுத்தார். மாலையில் அந்தப் பெண் பிள்ளையோடு திரும்பி வந்தபோது அயல்வீட்டார் ஒருவரும் அவளோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. ஒருவருக்கொருவர் அரிசி கொடுத்து முகாமில் உயிர் பிழைத்தவர்கள் அவர்கள்.

வட்டிக் கணக்கையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அநியாயம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. 50,000 ரூபாவுக்கு நூற்றுக்கு 24 வட்டி, ஒரு வருடம் என்பார்கள். மொத்தம் 62,000, அதை 52 கிழமைக்குப் பிரித்தால் கிழமைக்கு ஏறத்தாழ 1,192 ரூபா. பாதி வருடத்தில் வாங்கிய முதற்பணத்தில் பாதியளவு திரும்பிவிடும். வட்டியோ கடைசிவரை முழு 50,000க்கும் ஓடும். உண்மையில் கையில் மிஞ்சியிருக்கும் கடனுக்குக் கணக்குப் பார்த்தால் வருட வட்டி 40 வீதத்தைத் தாண்டிவிடும். கடன் வாங்கிய பெண்களுக்கு இதை ஒருவரும் விளக்கவில்லை. சொல்லாமல் விட்டதும் பொய்தான் என்பது என் எண்ணம்.

கூட்டுப் பிணை என்ற முறை கெட்டதாகப் பிறக்கவில்லை. ஜெர்மனியில் 1846–47 பஞ்சக் குளிர்காலத்தில் ஏழைகளுக்கு ரொட்டி கிடைக்க வழிசெய்த கிராம மேயர் பிரீட்ரிக் வில்ஹெல்ம் ரைபைசன், 1864இல் கடன் சங்கம் ஒன்றை அமைத்தார். பக்தியுள்ள புரட்டஸ்தாந்தக் கிறிஸ்தவர் அவர். உறுப்பினர் எல்லோரும் எல்லோருடைய கடனுக்கும் பொறுப்பு என்பதே அதன் அடிப்படை. 1911இல் இலங்கையில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்குச் சட்டம் வந்ததும் அந்த வழியில்தான். அங்கே பிணை நின்றவர்களே சங்கத்தின் சொந்தக்காரர்கள். வட்டி அவர்களிடமே திரும்பியது. முற்றத்தில் வெயிலில் உட்கார்ந்திருந்த பெண்களுக்குப் பிணை மட்டும் பங்காக வந்தது, இலாபம் வேறு ஊருக்குப் போனது.

கடனைப் பற்றி நம் சமயங்கள் சொல்வதை நிதானமாகப் பார்த்தால், பேச்சின் பெரும்பகுதி கொடுக்கிறவரை நோக்கியே இருக்கிறது. ஏழையின் மேலாடையை அடகு வாங்கினால் பொழுதுபட முன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்கிறது விவிலியத்தின் பழைய ஏற்பாடு. மாவரைக்கும் திரிகைக் கல்லை அடகு வாங்கக் கூடாது, அது உயிரையே அடகு வாங்குவது என்றும் சொல்கிறது. கடன்பட்டவர் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்கிறது குர்ஆன். விட்டுக்கொடுத்தால் இன்னும் நல்லது என்கிறது. வற்றாப்பளையில் இருப்பவளோ கண்ணகி. மதுரையை எரித்த பின் இங்கே வந்து தங்கினாள் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அவள் கதை முழுக்கக் கொடுக்கல் வாங்கல்தான்: முதலை இழந்த வணிகன், விற்கக் கொண்டுபோன சிலம்பு, பொய் சொன்ன பொற்கொல்லன், விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்ன அரசன். அவள் நியாயம் கேட்டது அதிகாரத்தில் இருந்தவனிடம். அவள் பெயரில் கடன்பட்டவர்கள் மட்டும் சத்தியம் செய்துகொண்டிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

நெல் வியாபாரத்திலும் இதே நிலைதான். காலபோக அறுவடையில் லொறி வயற்கரைக்கே வரும். ஈரம், சாக்கின் நிறை என்று மூடைக்குச் சில கிலோவைக் கழிப்பார்கள். கடன் கழுத்தை நெரிக்கும்போது விவசாயி எப்படி விலை பேசுவார்? அப்படிக் கழித்தவரே திருவிழாவில் உபயகாரராக முன்வரிசையில் நிற்பதைக் கண்டிருக்கிறேன். உபயத்தை ஏற்கும் கோயில் நிர்வாகம் அவருடைய தராசைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்டால் என்ன?

2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட, நிலுவையில் கிடந்த நுண்கடன்களுக்கு அரசு நிவாரணம் அறிவித்தது. உரிமம் பெற்ற நிதி நிறுவனங்களின் நுண்கடன் வட்டிக்கு மத்திய வங்கி 35 வீத உச்சவரம்பு வைத்தது. 2022 ஏப்ரலில் நாடே வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்துவிட்டது. கடன் கொடுத்தவர்கள் உட்கார்ந்து பேசினார்கள்; தவணை நீண்டது, சுமையில் ஒரு பகுதி குறைந்தது. முறை அதுதான். முள்ளியவளையில் ஒரு பெண் கட்ட முடியவில்லை என்றால் அவளோடும் உட்கார்ந்து பேச வேண்டும்.

எங்கள் சங்கத்திலும் இது லேசான காரியம் இல்லை. 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்து, அந்தப் போகத்தில் எங்கள் உறுப்பினர் பலரின் வயல் கைவிட்டது. கடன் குழுவில் நான் தள்ளுபடி பற்றிப் பேசினேன். பொருளாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர், வெள்ளிக்கிழமை விரதம் தவறாதவர். என்னைப் பேசவிட்டுக் கேட்டுவிட்டு, அலுமாரியிலிருந்து ஒரு சேமிப்புப் புத்தகத்தை எடுத்து மேசையில் விரித்தார். இடியப்பம் அவித்து விற்கும் ஒரு விதவையின் புத்தகம். ஐம்பதும் நூறுமாகப் போட்ட காசு. "மன்னிப்பது நல்லதுதான் தம்பி. யாருடைய காசை மன்னிக்கிறோம் என்று பார்த்துச் சொல்லும்" என்றார்.

அதற்கு எங்களில் ஒருவரிடமும் உடனடிப் பதில் இருக்கவில்லை. நெடுநேரம் பேசி, முதலைத் தொடாமல் அந்தப் போகத்துக்குரிய வட்டியையும் தண்டப் பணத்தையும் நிறுத்தி, தவணையை அடுத்த அறுவடைக்குத் தள்ளினோம். பெரும்பாலானவர்கள் கட்டி முடித்தார்கள். சிலரால் இன்னும் முடியவில்லை. அவர்களுடைய தையல் இயந்திரத்தையோ வலையையோ மருந்து தெளிக்கும் கருவியையோ எடுப்பதில்லை என்று இருக்கிறோம். ஆனால் அது எழுதப்படாத முடிவு, நிர்வாகம் மாறினால் மாறிவிடும்.

அதனால் இரண்டு தீர்மானங்களைப் பொதுக்கூட்டத்துக்குக் கொண்டுபோகிறேன். தொழில் கருவியைக் கடனுக்குப் பறிப்பதில்லை என்று சங்க விதியில் எழுத வேண்டும். ஆண்டு இலாபத்தில் ஒரு பங்கைப் பயிர் அழிவுக்கென்று தனியாக ஒதுக்க வேண்டும். அப்படிச் செய்தால் ஒருவருக்கு விட்டுக்கொடுப்பது இன்னொருவரின் சேமிப்பில் கை வைப்பதாகாது. உறுப்பினர்களுக்குக் கிடைக்கும் பங்குலாபம் இதனால் குறையும். சித்திரைப் புதுவருடத்துக்குப் பிள்ளைகளுக்கு உடுப்பு வாங்க அதை நம்பியிருப்பவர்கள் எதிர்ப்பார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. பொருளாளர் இரண்டாவது தீர்மானத்தைத் தானே வழிமொழிவதாகச் சொல்லியிருக்கிறார்.