ஒரு மூச்சுக்கு ஒரு வரி

மூச்சிரைப்புக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை எண் போடுவது என் அன்றாட வேலை. கடினமாக உழைத்தால் மட்டுமே இரைக்கிறது என்றால் ஒன்று. நூறு மீட்டர் நடந்ததும் நின்று மூச்சு வாங்கினால் நான்கு. வீட்டைவிட்டு வெளியே வர முடியவில்லை, சட்டை மாற்றினாலே இரைக்கிறது என்றால் ஐந்து. வடகிழக்கு இங்கிலாந்தின் டர்ஹம் கவுண்டியில், நுரையீரல் நோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் நர்ஸ் நான். காரின் பின்சீட்டில் ஒரு பை, அதில் விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி, ஊதிப் பார்க்கும் கருவி, படிவங்கள். ஒரு வீட்டுக்கு நாற்பது நிமிடம். அப்படிப் போன ஒரு வீட்டில் கேட்ட, சுரங்க விபத்து பற்றிய ஒரு பழைய பாட்டைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

இந்த ஐந்து எண்களும் எங்கிருந்து வந்தன என்று ரொம்ப நாள் எனக்குத் தெரியாது. சுரங்கத் தொழிலாளிகளிடமிருந்துதான் வந்திருக்கின்றன. 1940களில், வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளின் நுரையீரலில் தூசி படிவதை ஆராய கார்டிஃப் நகரில் ஓர் ஆய்வுப் பிரிவு தொடங்கினார்கள். அதன் முதல் இயக்குநர் டாக்டர் சார்ல்ஸ் ஃப்ளெட்சர், 'மேட்டில் ஏறினால் இரைக்கிறதா, கூட வருபவர்களோடு சேர்ந்து நடக்க முடிகிறதா' என்கிற மாதிரி எளிய கேள்விகளை வைத்து அந்த மனிதர்களின் மூச்சை அளந்தார். அது கொஞ்சம் மாறி இன்று உலகம் முழுவதும் புழங்குகிறது. அந்த எண்ணை நான் போட்டுக்கொண்டிருப்பதும் பெரும்பாலும் சுரங்கத்தில் இறங்கியவர்களுக்குத்தான். டர்ஹம் பகுதியின் கடைசி நிலக்கரிச் சுரங்கமான மங்க்வியர்மவுத் 1993 டிசம்பரில் மூடப்பட்டது. அதே வருடம் ஈசிங்டனும் போயிற்று. அங்கெல்லாம் வேலை பார்த்தவர்கள் இப்போது ஜன்னலோர நாற்காலியில், மூக்கில் குழாயோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

எண்ணைப் பற்றி முதலில் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. டர்ஹமுக்கு வருவதற்கு முன் வேறோர் ஊரில் ஒரு வார்டில் வேலை பார்த்தேன். அங்கே ஷிஃப்ட் மாறும்போது பேச்செல்லாம் படுக்கை எண்ணில்தான் நடக்கும். "பன்னிரண்டுக்கு ஸ்டீராய்டு கொடுத்தாச்சு, பதினாலு ராத்திரி தூங்கல." ஒருநாள் காலை ஏழு மணிக்கு ஒரு பெண்மணி கோட்டைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் வந்து நின்று தன் கணவரின் பெயரைச் சொல்லி, எப்படி இருக்கிறார் என்று கேட்டார். எனக்கு அந்தப் பெயர் பிடிபடவில்லை. அவருக்கு ராத்திரி நாலு தடவை முகமூடியைச் சரிசெய்தவள் நான். ஆனால் என் மனதில் அவர் பன்னிரண்டு. நான் யோசித்த அந்த இரண்டு மூன்று விநாடியில் அந்த அம்மாள் என்ன நினைத்திருப்பார் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். கணவர் இறந்துவிட்டார், சொல்லத் தயங்குகிறாள் என்றுதான் நினைத்திருப்பார். முகம் அப்படியே வெளுத்துவிட்டது.

சரி, பாட்டுக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு, ஒரு பிப்ரவரி மாத மதியம். டிரிம்டன் பக்கம் ஒரு வரிசை வீடு. பெரியவருக்கு எண்பது தாண்டிவிட்டது. பதினைந்து வயதில் சுரங்கத்தில் இறங்கியவர். நான் படிவத்தில் தேதி எழுதும்போது, "இன்னிக்கு என்ன தேதி, பெட்?" என்று கேட்டார். அந்த ஊரில் 'பெட்' என்றால் நம் 'கண்ணு' மாதிரி. பதினாறு என்றேன். "டிரிம்டன் நாள்" என்றார். அடுக்களையிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்து, "ஆரம்பிக்காதீங்க" என்றார். அவர் ஆரம்பித்துவிட்டார்.

ஒரு வரி பாடுவார், நிறுத்துவார், உதட்டைக் குவித்து ஊதி மூச்சை விடுவார், அடுத்த வரி. அந்த உதடு குவிக்கும் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். நாளையைப் பற்றி நினைக்க வேண்டாம், ஏமாந்துபோவோம் என்று பாட்டு தொடங்குகிறது. இன்றைக்குத் திடமாக இருக்கிறோம், அது எவ்வளவு சீக்கிரம் மாறும் என்பதை டிரிம்டன் கிரேஞ்ச் சுரங்க வெடிப்பு காட்டிவிட்டது என்கிறது. பாட்டைக் கேட்டுக்கொண்டே என் கண் அவர் கழுத்துத் தசையில் இருந்தது. விரலில் மாட்டிய கருவி 91 காட்டியது, 89 ஆனது, 87 ஆனது. நிறுத்தச் சொல்ல வேண்டியவள் நான். சொல்லவில்லை. காரணம் இரண்டாவது சரணம்.

அந்தச் சரணம் காலையில் வேலைக்குக் கிளம்பிய ஆண்களையும் சிறுவர்களையும் நாலே வரியில் சொல்லி முடிக்கிறது. அப்புறம் சட்டென்று ஒரு பெண்ணின் பக்கம் திரும்புகிறது. பர்னெட் அம்மாளை நினைத்துப் பாருங்கள், அவளுக்குப் பிள்ளைகள் இருந்தார்கள், இப்போது ஒருவனும் இல்லை. ஜோசப், ஜார்ஜ், ஜேம்ஸ். மூன்று பெயரையும் பாட்டு சொல்கிறது. பெரியவர் ஒவ்வொரு பெயரையும் தனித்தனி மூச்சில் சொன்னார். எனக்கு அந்தக் காலை ஏழு மணி வார்டு ஞாபகம் வந்தது.

அந்த வெடிப்பு நடந்தது 1882 பிப்ரவரி 16. மதியம். 70 பேர் அளவில் இறந்தார்கள், அவர்களில் பையன்களும் உண்டு. வெடித்த பிறகு வரும் விஷவாயு பூமிக்கடியிலேயே பரவி, பக்கத்துக் கெல்லோ சுரங்கத்திலும் உயிர் குடித்தது. அந்தக் காலத்து டர்ஹமில் இது புதிதும் இல்லை. இரண்டு வருடம் முன்புதான், 1880 செப்டம்பரில், சீஹம் சுரங்கத்தில் 160க்கும் மேற்பட்டவர்கள் போயிருந்தார்கள். பிறகு 1909இல், அதே பிப்ரவரி 16ஆம் தேதி, வெஸ்ட் ஸ்டான்லியில் 168 பேர். பெரியவர் அந்த நாளைத் தேதியாகச் சொல்லாமல் ஊர்ப் பெயரால் சொன்னது ஏன் என்று அப்புறம்தான் புரிந்தது.

பாட்டைக் கட்டியவர் டாமி ஆம்ஸ்ட்ராங். அவரும் சுரங்கத் தொழிலாளி. 1848இல் பிறந்தவர், கால் பலமில்லாதவர். ஒன்பது வயதில் சுரங்க வேலைக்குப் போனபோது அண்ணன்தான் முதுகில் தூக்கிக்கொண்டு போனான் என்று சொல்வார்கள். வேலைநிறுத்தம், கம்பெனி வீட்டிலிருந்து குடும்பங்களைச் சாமான்களோடு தெருவில் தள்ளியது என்று சுற்றிலும் நடந்ததையெல்லாம், ஊரில் ஏற்கெனவே புழங்கிய மெட்டுகளில் பாட்டாகக் கட்டினார். துண்டுத் தாளில் அச்சடித்து விற்பார்கள். நம் ஊர்ச் சந்தையிலும் ரயிலிலும் சிந்துப் பாட்டு விற்றார்களே, அதே மாதிரி. டிரிம்டன் பாட்டையும் விபத்து நடந்த சூட்டிலேயே கட்டி, விதவைகளுக்கும் பிள்ளைகளுக்கும் பணம் திரட்டப் பாடினார் என்கிறார்கள். 1920இல் இறந்துபோனார்.

பணம் திரட்ட என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. கடைசிச் சரணம் ஒரு பிரார்த்தனை. தனித்துப்போன விதவையைக் காப்பாற்று, அநாதைகளுக்குத் தகப்பனாக இரு, ரொட்டிக்கு அழவிடாதே என்று வேண்டுகிறது. விக்டோரியா காலத்து உருக்கம் என்று இதைத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. ரொட்டி என்றால் அங்கே நிஜமான ரொட்டிதான். டர்ஹமில் சுரங்கக் குடும்பம் குடியிருந்தது பெரும்பாலும் கம்பெனி வீட்டில். உழைக்கிறவன் போனால் கூலியோடு வீட்டுக்கும் ஆபத்து. வேலையில் செத்தால் தப்பு யாருடையது என்று பார்க்காமல் நஷ்டஈடு தரவேண்டும் என்ற சட்டம் 1897இல்தான் வந்தது. 1882இல் இருந்தது, தொழிலாளிகள் தங்கள் கூலியிலிருந்து காசு போட்டு நடத்திய நிவாரண நிதி. 1862இல் ஹார்ட்லி சுரங்கத்தில் 204 பேர் இறந்த பிறகு உண்டானது அது. அதற்கு மேல் வேண்டுமென்றால் கையேந்தத்தான் வேண்டும். அந்தப் பெண்களுக்குப் பதிலாக, அவர்கள் தலை குனியாதபடி, இந்தப் பாட்டு கையேந்தியது.

டர்ஹமில் நான் ஏழெட்டு வருடம் இருந்த பிறகுதான் இந்தப் பாட்டு என் காதில் விழுந்தது. ஒவ்வொரு ஜூலையிலும் இரண்டாவது சனிக்கிழமை டர்ஹமில் சுரங்கத் தொழிலாளர் திருவிழா நடக்கிறது. 1871இலிருந்து நடக்கிறது, 'பிக் மீட்டிங்' என்பார்கள். ஊர் ஊராகப் பட்டுக் கொடி ஏந்தி, பித்தளை வாத்தியம் முழங்க வருவார்கள். கிரெஸ்ஃபோர்ட் என்ற மெட்டை வாசிக்கும்போது கூட்டம் அப்படியே நின்றுவிடும். 1934இல் கிரெஸ்ஃபோர்ட் சுரங்கத்தில் இறந்த 266 பேருக்காக ராபர்ட் செயின்ட் என்ற சுரங்கத் தொழிலாளி அமைத்த மெட்டு, சொற்களே இல்லாதது. அதைக் கேட்டு நானும் அழுதிருக்கிறேன். அதை எல்லோருக்கும் தெரியும். டிரிம்டன் பாட்டை எங்கள் குழுவில் அதே கவுண்டியில் பிறந்து வளர்ந்த இளம் பெண்களிடம் கேட்டேன், ஒருத்திக்கும் தெரியவில்லை. நாட்டுப்புறப் பாடகர்கள் சிலர் பதிவு செய்திருக்கிறார்கள். லூயி கில்லன் பாடியிருக்கிறார், மார்ட்டின் கார்த்தி பாடியிருக்கிறார். அந்த வட்டத்துக்கு வெளியே அது அதிகம் போகவில்லை.

என் அபிப்பிராயம், அந்தப் பாட்டு யாரையும் திட்டவில்லை, அதனால்தான். போராட்டப் பாட்டு தேடுகிறவர்களுக்கு அதில் முதலாளி இல்லை. கதைப்பாட்டு தேடுகிறவர்களுக்கு அதில் கதையும் இல்லை, வெடித்ததைக்கூட அது வர்ணிப்பதில்லை. அடக்கத்துக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை மட்டுமே சொல்கிறது: அந்த அம்மாளைப் பாருங்கள், அவள் பிள்ளைகளின் பெயர் இது, மிச்சம் இருப்பவர்கள் சாப்பிட வேண்டும். கோபப்படக் காரணம் இல்லாமல் இல்லை. ஆம்ஸ்ட்ராங்குக்குக் கோபம் தெரியாமலும் இல்லை, அவருடைய வேலைநிறுத்தப் பாட்டுகளைப் படித்தால் சூடு தெரியும். அந்த வாரத்துக்கு அது வேண்டாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. எங்கள் ஊரில் ஒப்பாரி வைக்கும்போது ஆச்சி ஒருத்தி இறந்தவன் யார் யாருக்கு என்ன முறை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அழுவாள். வந்திருப்பவர்களில் ஒருவரையும் விடமாட்டாள். இரண்டாவது சரணத்தில் அந்தக் குரல் எனக்குக் கேட்கிறது.

அன்று மூன்றாவது சரணத்தின் பாதியில் பெரியவரால் முடியவில்லை. அப்பா எங்கே என்று குழந்தை கேட்கிற இடம் அது. தாய் தலையைக் குனிந்துகொண்டு, அப்பா செத்துப்போனார் என்கிறாள். அடுக்களையிலிருந்து வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்ற அவர் மனைவி அதை எடுத்துப் பாடி முடித்தார். தொழிலாளர் கிளப்பில் பெரியவரின் சித்தப்பா பாடுவாராம், அவர் வழியாக வந்த பாட்டு. நான் ஆக்சிஜன் அளவு 90க்கு மேல் வரும்வரை உட்கார்ந்திருந்தேன். நாற்பது நிமிடம் எப்போதோ தாண்டிவிட்டது. அடுத்த வீட்டுக்குத் தாமதமாகப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

படிவத்தில் ஐந்து என்று போட்டேன். போடத்தான் வேண்டும். அந்த எண் இல்லாவிட்டால் அவருக்கு மூச்சுப் பயிற்சி கிடைக்காது. எண்மேல் எனக்குக் கோபம் இல்லை. அதற்குக் கீழே ஒரு காலி இடம் உண்டு, 'பிற குறிப்புகள்' என்று. எப்போதும் காலியாக விடுவேன். அன்று எழுதினேன்: "டிரிம்டன் கிரேஞ்ச் பாட்டு, ஒரு மூச்சுக்கு ஒரு வரி, மூன்றாம் சரணம் பாதி வரை."

அது மருத்துவ முறையிலும் பிரயோஜனமான குறிப்பு. ஒரு மூச்சில் எத்தனை சொல் பேச முடிகிறது என்று நாங்கள் எப்போதும் கவனிப்பவர்கள்தானே. அந்தக் கோடையில் மூச்சுப் பயிற்சிக்குப் பிறகு அவர் மூச்சுக்கு இரண்டு வரி பாடினார், அதையும் எழுதினேன். மற்ற வீடுகளிலும் அந்த இடத்தை நிரப்ப ஆரம்பித்தேன். ஒருவர் புறா வளர்ப்பவர், கூண்டு வரைக்கும் எத்தனை முறை நின்று போகிறார். ஓர் அம்மாள் பேத்திக்குப் பின்னல் போட்டுவிடுபவர், எத்தனை பின்னலில் கை ஓய்கிறது. வாராந்திரக் கூட்டத்தில் ஆட்களைப் பற்றிப் பேசும்போது நான் பெயரை முதலில் சொல்லி, சுரங்கத்தில் என்ன வேலை பார்த்தார் என்பதைச் சொல்லி, அப்புறம்தான் எண்ணுக்கு வருவேன். முதல் சில வாரம் யாரும் எதுவும் சொல்லவில்லை. நேரம் ஆகிறது என்று ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அடுத்த குளிர்காலத்தில் மூன்று வாரம் ஊருக்குப் போயிருந்தேன். என் வீடுகளை எங்கள் குழுவிலேயே வயதில் சின்னவள் ஒருத்தி பார்த்துக்கொண்டாள். பாட்டு தெரியாது என்று சொன்னவர்களில் அவளும் ஒருத்தி. திரும்பி வந்த முதல் நாள் காலையில் பெரியவரின் பதிவைத் திறந்தேன். ஆக்சிஜன் 88. ஓட்டம் நிமிடத்துக்கு இரண்டு லிட்டர். மூச்சிரைப்பு ஐந்து. கீழே, காலி இடத்தில், அவள் எழுதியிருந்தாள்:

"இரண்டாம் சரணம். மூன்று பெயரும் சொன்னார். மிச்சத்தை நானும் அவர் மனைவியும் பாடினோம்."