எழுபது வளைவு, நாலு கியர்

கொல்லிமலைக்கு நூறு சிசி வண்டியில் போகிறேன் என்று சொன்னால், கேட்பவர் முகத்தில் முதலில் ஒரு சிரிப்பு வரும். அடுத்து, "ஏறுமா?" என்ற கேள்வி வரும். ஏறும். மலைமேல் இருக்கிற செம்மேட்டுப் பேருந்து நிறுத்தத்துப் பக்கம் ஐந்து நிமிடம் நின்று பார்த்தாலே போதும், அங்கே குடியிருப்பவர்கள் எதில் ஏறி இறங்குகிறார்கள் என்று தெரிந்துவிடும். காலையில் ஆபீஸ், சாயந்திரம் வீடு, நடுவில் ரேஷன் கடை என்று நாம் ஓட்டுகிற அதே வண்டிதான். ஏறுமா என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. எட்டுக் குதிரைத் திறனை வைத்துக்கொண்டு எழுபது கொண்டை ஊசி வளைவை எப்படி ஏறுவது, அதைவிட முக்கியமாக எப்படி இறங்குவது என்பதைப் பார்க்கத்தான் கிளம்பினேன்.

இந்த வகை வண்டியின் கதை நம் ஊரில் 1985இல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100இல் ஆரம்பிக்கிறது. கூட வந்த நூறு சிசி ஜப்பானிய வண்டிகள் எல்லாம் டூ ஸ்ட்ரோக். புகையும் சத்தமும் பாய்ச்சலுமாக இளைஞர்களை இழுத்தன. ஃபோர் ஸ்ட்ரோக் சிடி 100 மட்டும், பெட்ரோல் ஊற்று, மூடு, மறந்துவிடு என்று விளம்பரம் செய்தது. 1994இல் ஸ்ப்ளெண்டர் வந்தது. 97.2 சிசி, நாலு கியர், ஏறக்குறைய எட்டுக் குதிரைத் திறன். பெட்ரோலைக் காற்றோடு கலந்துவிடும் கார்புரேட்டர் போய் 2020இல் பிஎஸ் 6 புகை விதியோடு ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்தும் அந்தக் கணக்கு பெரிதாக மாறவில்லை. என்னுடையது அதற்கு முந்தைய காலத்து வண்டி. சோக் உண்டு, டேங்குக்குக் கீழே ரிசர்வ் திருகும் உண்டு. எரிபொருள் முள் பழுதானாலும் கவலைப்படாத தலைமுறை அது. வண்டி இருமினால் கையைக் கீழே விட்டு ரிசர்வுக்குத் திருப்பிவிட்டு ஓட்டிக்கொண்டே இருப்போம்.

கூட வந்தவன் என் மச்சான், 350 சிசி வண்டியில். கிளம்பும் முன்பே, "மாப்ள, நான் ஒவ்வொரு பத்து வளைவுக்கும் நின்னு உனக்காகக் காத்திருப்பேன், கவலப்படாத" என்றான். சரி என்றேன்.

சேலத்திலிருந்து நாமக்கல் பக்கம் போகும் தேசிய நெடுஞ்சாலை 44 இந்த வண்டிக்கான இடம் இல்லை. நாலு வழிச் சாலையில் ஐம்பத்தைந்தில் இடது ஓரமாகப் போகிறவனை ஒரு டிரெய்லர் லாரி கடக்கும்போது, முதலில் காற்று வெளியே தள்ளும். லாரியின் வால் தாண்டியதும் அதே காற்று உள்ளே இழுக்கும். நூற்றுப் பன்னிரண்டு கிலோ வண்டிக்கும் ஒல்லியான டயருக்கும் இந்தத் தள்ளு இழுப்பு நன்றாகவே தெரியும். கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் ஆட்டம் கூடும். முழங்கையைத் தளர்த்தி, முழங்காலால் டேங்கை அணைத்துக்கொண்டால் வண்டி தானே நேராகிவிடும். தினமும் நெடுஞ்சாலை ஓரமாக வேலைக்குப் போகிறவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்ணாடியில் லாரியின் முகம் பெரிதாகும்போதே உடம்பு தயாராகிவிடும்.

ஆண்டகளூர் கேட்டில் திரும்பி ராசிபுரத்தைத் தாண்டியதும் நிலைமை மாறியது. பேளுக்குறிச்சி வழியாகக் காளப்பநாயக்கன்பட்டி வரைக்கும் போகும் சாலையில் நாற்பத்தைந்துதான் நியாயமான வேகம். குறுக்கே ஆடு வரும், ஓரத்தில் சைக்கிள் வரும், திடீரென்று ஒரு வேகத்தடை முளைக்கும். நாலாவது கியரில் ஆக்ஸிலேட்டரை லேசாகத் திறந்து வைத்தால் போதும், வண்டி முனகாமல் போய்க்கொண்டே இருக்கும். 350 சிசியை ஓட்டியவன்தான் கியரைக் குறைத்துக் கூட்டிக் குறைத்துக் கொண்டிருந்தான்.

காரவள்ளிதான் அடிவாரம். அங்கே நிறுத்தி, செயின் தொய்வையும் டயரில் காற்றையும் கையால் ஒருமுறை பார்த்துக்கொண்டேன். ஒற்றை ஆளாகப் போவதால் பின் டயரில் இருபத்தெட்டு பிஎஸ்ஐ இருந்தால் போதும். பின்னால் ஆள் ஏறினால் நாற்பதை ஒட்டி ஏற்ற வேண்டும். பலரும் இரண்டுக்கும் ஒரே காற்றோடு ஓட்டுகிறார்கள். சமவெளியில் அது பெரிதாகத் தெரியாது. மலையில் ஆளோடு திரும்பும்போது பின்சக்கரம் வழுக்குவதுபோல ஒரு மிதப்பு வரும்.

முதல் சில வளைவுகள் விரிந்து கிடந்ததால் மூன்றாவது கியரிலேயே போனது. அதற்குப் பிறகுதான் மலை ஆரம்பித்தது. இந்த வண்டியில் ஏற்றம் என்பது கணக்கு. இரண்டாவது கியரில் இருபதிலிருந்து முப்பத்தைந்து வரை இன்ஜின் சுகமாக இழுக்கும். இருபதுக்குக் கீழே போனால் ஒரு தடதடப்பு தொடங்கும். அது கேட்டபிறகு ஆக்ஸிலேட்டரை எவ்வளவு முறுக்கினாலும் பிரயோஜனம் இல்லை, சத்தம்தான் கூடும், வேகம் கூடாது. அதனால் வளைவுக்குள் நுழைந்தபிறகு கியரை மாற்றுவது வீண் வேலை. நுழைவதற்கு முன்பே குதிகாலால் பின் மிதியை ஒரு தட்டுத் தட்டி முதல் கியருக்கு வந்துவிட வேண்டும். வளைவு முடிந்து சாலை நேரானதும் முன் மிதியை அழுத்தி இரண்டு. இந்தக் குதிகால், முன்கால் ஆட்டம் பழகிவிட்டால் கிளட்ச் கையே மறந்துபோகும்.

எல்லா வளைவும் ஒன்றுபோல இல்லை. இடது பக்கம் ஓட்டும் நாட்டில் ஏறும்போது வலது பக்கம் திரும்பும் வளைவு நமக்கு வெளிவட்டம். நீளம் அதிகம், செங்குத்து குறைவு, இரண்டாவது கியரிலேயே முடிந்துவிடும். இடது பக்கம் திரும்புவது உள்வட்டம். அங்கேதான் சாலை சுவர்போல நிமிர்ந்து நிற்கும். வளைவு எண் பலகை கண்ணில் பட்டதும், இடமா வலமா என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். வளைவு நாற்பதைத் தாண்டியபோது இதெல்லாம் யோசிக்காமலே நடந்துகொண்டிருந்தது.

ஏறஏற வண்டியின் இழுவை லேசாகக் குறைவதும் தெரிந்தது. இது வண்டியின் குறை இல்லை, காற்றின் குறை. கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே காற்றின் அடர்த்தி பத்து சதவீதம் போலக் குறைந்துவிடும். எட்டுக் குதிரையில் ஏறக்குறைய ஒன்று கழன்றுகொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய வண்டிக்காரனுக்கும் இதே விகிதத்தில்தான் போகிறது, ஆனால் இருபது குதிரை வைத்திருப்பவன் இரண்டு தொலைந்ததை எண்ணிப் பார்ப்பதில்லை. கார்புரேட்டர் வண்டியில் இன்னொன்றும் உண்டு. காற்று குறைந்தாலும் பெட்ரோல் முன்போலவே வருவதால் கலவை கெட்டியாகும், இன்ஜின் கொஞ்சம் சோம்பலாகப் பதில் சொல்லும். இன்ஜெக்‌ஷன் வண்டி இதைத் தானே சரிசெய்துகொள்ளும்.

மச்சான் சொன்னபடியே காத்திருந்தான். ஹெல்மெட்டைக் கழற்றி, நிழலில் கல்லின்மேல் உட்கார்ந்து, நான் வருவதைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். நானும் நிறுத்தினேன். காற்றில் ஆறும் இன்ஜின் மெதுவாக ஏறும்போது சூடு தணிய வழியில்லை. ஐந்து நிமிடம் நிறுத்தினால் சைலன்சரும் சிலிண்டரும் டிக் டிக் என்று சத்தம் போட்டுச் சுருங்குவது கேட்கும். அந்த ஐந்து நிமிடத்தில் எங்களைக் கடந்து போன நூறு சிசி வண்டிகளில் ஒருவர்கூட நிறுத்தவில்லை. ஒருவர் பின்சீட்டில் மனைவி, முன்னால் டேங்கின்மேல் பள்ளிக்கூடப் பையோடு ஒரு பையன் என்று முதல் கியரில் நிதானமாக ஏறிப் போனார். பையன் எங்களுக்குக் கை காட்டினான்.

செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை இருக்கிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவன், கொல்லிமலையை ஆண்டவன். அவன் குதிரையின் பெயரும் ஓரிதான். அவனோடு போரிட்ட மலையமான் காரியின் குதிரைக்கும் காரி என்றே பெயர். வண்டிக்கும் ஓட்டுகிறவனுக்கும் ஒரே பெயர் என்ற வழக்கம் இன்றைக்கும் ஊர்ப்பக்கம் போகவில்லை. "புல்லட்டு வந்தாரா?" என்றுதானே கேட்கிறோம்.

ஆகாய கங்கை அருவிக்கு அறப்பளீஸ்வரர் கோயில் பக்கமிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். அருவியைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நல்ல அருவி. பைக்கில் போகிறவர்களுக்கு மட்டும் ஒன்று: படி ஏறி வந்ததும் உடனே மலை இறங்கக் கிளம்பாதீர்கள். கெண்டைக்கால் நடுங்கும். பின் பிரேக் அந்தக் காலில்தான் இருக்கிறது.

அந்த நடுக்கம் தீரட்டும் என்று நிறுத்துமிடத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் பக்கத்தில் நின்ற வண்டியைக் கவனித்தேன். என் வண்டியின் வயதுதான் இருக்கும். சேலைக் கம்பியில் கயிறு உராய்ந்து உராய்ந்து பெயின்ட் போய், இரும்பு பளபளவென்று இருந்தது. மிளகு மூட்டை கட்டுகிற இடம். கியர் மிதியின் ரப்பர் தேய்ந்துபோனதால் சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றியிருந்தார்கள். ஆனால் பின் பிரேக் கம்பியின் முனையில் இருக்கிற நட் மட்டும் துருவே இல்லாமல், எண்ணெய் மினுக்கோடு இருந்தது. வண்டிக்காரர் வந்தார். அறுபதை ஒட்டிய வயது.

"அந்த நட்ட மட்டும் நல்லா வச்சிருக்கீங்களேங்க" என்றேன்.

"ஏறுறதுக்கு என்னங்க தம்பி, எந்த வண்டியும் ஏறும். எறங்குறப்பதான் வண்டி" என்றார். வாரத்துக்கு ஒரு தரம் அந்த நட்டைக் கையால் அரைச்சுற்றுத் திருகிவிடுவாராம். பிரேக் ஷூ தேயத்தேய மிதி கீழே இறங்கும், திருகினால் மேலே வரும். டிரம்மின் மேல் இருக்கிற அம்புக்குறி கடைசிக் கோட்டைத் தொட்டால் ஷூவை மாற்றிவிட வேண்டும். சமவெளியில் அந்த அம்பு இருப்பதே பலருக்குத் தெரியாது.

"வரும்போது ரெண்டுல வந்தீங்கல்ல, போறப்பவும் ரெண்டுலயே போங்க. சாவிய மட்டும் அணைச்சிராதீங்க" என்று சொல்லிவிட்டு மூட்டைக் கயிற்றை ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துக் கிளம்பினார்.

சாவி விஷயம் விளையாட்டுக்குச் சொன்னதில்லை. இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருகிற ஆட்கள் எல்லா மலையிலும் உண்டு. இந்த வண்டிகளில் இரண்டு சக்கரத்துக்கும் 130 மில்லிமீட்டர் டிரம் பிரேக். மூடிய டப்பா அது, உள்ளே பிறக்கும் சூடு சட்டென்று வெளியேறாது. இன்ஜின் பிடிக்காமல் முழு எடையும் பிரேக்கின்மேல் விழுந்தால், இருபது வளைவு தாண்டுவதற்குள் மிதி அழுத்தியும் பிடிப்பு வராது. அந்த நேரத்தில் முப்பத்தைந்தில் நியூட்ரலில் வருகிறவனுக்கு கியர் போடவும் வழி தெரியாது.

இரண்டாவது கியரில் ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடிவிட்டால் இன்ஜினே வண்டியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளும். அந்த இழுப்புக்கு ஒரு சத்தம் இருக்கிறது, சைலன்சரில் பொருமுவதுபோல. அது கேட்டுக்கொண்டே இருக்கும்வரை நிம்மதி. பிரேக்கைத் தொட்டுக்கொண்டே இருக்கக் கூடாது. வளைவுக்கு முன்னால் இரண்டையும் சேர்த்துத் திடமாக ஒருமுறை பிடித்து, வேகத்தைக் குறைத்து, விட்டுவிட வேண்டும். விட்ட நேரத்தில்தான் டிரம் கொஞ்சம் ஆறும். 2019இலிருந்து வரும் புது நூறு சிசி வண்டிகளில் பின் மிதியை அழுத்தினாலே முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடு உண்டு. என் போன்ற பழைய வண்டிக்காரனுக்கு வலக்கையும் வலக்காலும்தான் அந்த ஏற்பாடு.

ஏறுகிறவருக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டு ஓட்டுநர் ஒழுங்குமுறைகளிலும் இருக்கிறது, அதற்கு முந்தைய 1989 விதிகளிலும் இருந்தது. அரசுப் பேருந்து ஏறி வரும்போது அதற்கு வளைவு முழுவதும் தேவைப்படும். ஹாரன் கேட்டதும் வளைவுக்கு முன்னாலேயே ஓரத்தில் ஒதுங்கிவிடுவது ஒன்றுதான் வழி. முதல் கியரில், ஒரு காலை ஊன்றி, பேருந்து வாலைச் சுழற்றிக்கொண்டு போகும்வரை நின்றேன். நடத்துநர் கையை உயர்த்தி நன்றி காட்டிவிட்டுப் போனார். மச்சான் எனக்குப் பின்னால்தான் நின்றான். ஏற்றத்தில் பத்து வளைவு முன்னால் போனவன், இறக்கத்தில் ஒரு இடத்தில்கூட என்னைத் தாண்டவில்லை. அவன் வண்டியில் டிஸ்க் பிரேக் நன்றாகவே பிடிக்கும், எடைதான் 190 கிலோ.

காரவள்ளியில் இறங்கியதும் பின் டிரம்மின் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். சூடு இருந்தது, நாற்றம் இல்லை. பின் பிரேக் மிதி கிளம்பியபோது இருந்ததைவிடக் கொஞ்சம் இறங்கியிருந்தது. குனிந்து நட்டை அரைச்சுற்று திருகினேன். மச்சான் வந்து என் சாவியைக் கேட்டான். ராசிபுரம் வரைக்கும் அவன் என் வண்டியில் வந்தான். வழியில் ஒரு வேகத்தடைக்கு அப்பால் போய் நின்று, "என்ன மாப்ள, பிரேக்கே காணோம்?" என்று கத்தினான்.

"இருக்குடா, நீ லேட்டா கேக்குற" என்றேன்.