'மில்லியன்ஸ் லைக் அஸ்' பற்றிக் கேள்வி வந்தால் கேன்டீன் காட்சியிலிருந்து தொடங்குங்கள்

போர்க்கால பிரிட்டிஷ் சினிமாவை ஒரு தாளாக எடுத்திருக்கும் எம்.ஏ. மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். 1943-இல் வந்த 'மில்லியன்ஸ் லைக் அஸ்' பற்றிய கேள்விக்கு, உலகப் போர் வரலாற்றை ஒரு பக்கம் நிரப்பிவிட்டுத்தான் பலரும் படத்துக்கு வருகிறார்கள். அது வேண்டாம். நான் ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு எழுதினேன். வரலாறு அதன் பின்னாலேயே வந்தது.

படத்தின் விவரங்கள் இரண்டு வரிக்குள் போதும். ஃபிராங்க் லாண்டரும் சிட்னி கில்லியட்டும் சேர்ந்து இயக்கிய, கேன்ஸ்பரோ ஸ்டுடியோ தயாரித்த படம். தகவல் அமைச்சகத்தின் தூண்டுதலில் உருவானது. 1941 டிசம்பர் சட்டம் 20 முதல் 30 வயதுவரை மணமாகாத பெண்களைக் கட்டாயப் பணிக்கு அழைத்தது. இதைத் தனித் தகவலாக எழுதாமல் படத்தின் நாயகி செலியாவோடு சேர்த்து எழுதுங்கள். விமானப்படைப் பெண்கள் பிரிவு, நர்ஸ் வேலை என்று கனவு கண்டவளை விமான உதிரிபாகத் தொழிற்சாலைக்கு அனுப்புகிறார்கள். அவளுடைய ஏமாற்றத்தைப் படம் மூடி மறைக்கவில்லை. பிரசாரப் படத்தில் இவ்வளவு நேர்மையா என்று எனக்கு இன்றும் வியப்புதான்.

சரி, கேன்டீன் காட்சி. படத்தின் கடைசியில் வருவது. அதை ஒருமுறை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். கூட்டத்துக்கு நடுவே ஒரு பெண்ணின் முகம், அவ்வளவுதான் தெரியும். ஒலியோடு பார்த்தால் எல்லாம் மாறிவிடும். அந்தப் பெண் செலியா; விமானப்படையில் இருந்த அவள் கணவன் ஃபிரெட் இறந்துவிட்டான். எல்லோரும் பாடுவதோ, தேவாலயத்தில் மாப்பிள்ளைக்காகக் காத்திருந்து ஏமாந்த பெண்ணின் வேடிக்கைப் பாட்டு. தலைக்கு மேலே குண்டுவீச்சு விமானங்களின் இரைச்சல். பேசாமல் உட்கார்ந்திருந்த செலியாவும் மெல்லப் பாடத் தொடங்குகிறாள். அவள் துக்கம் ஆறிவிட்டது என்று எழுதாதீர்கள். பாட்டு, இரைச்சல், முகம் மூன்றும் எப்படி மோதுகின்றன என்று விளக்குங்கள். பதிலில் பாதி இடத்தை இதற்கே கொடுக்கலாம்.

வர்க்கம் பற்றிக் கேட்டால் சார்லியும் ஜென்னிஃபரும் இருக்கிறார்கள். ஃபோர்மன் சார்லி, வசதியான வீட்டுப் பெண்ணான ஜென்னிஃபரை இப்போதைக்கு மணக்க மறுக்கிறான். போர் முடிந்ததும் இந்த ஒற்றுமை நிலைக்குமா என்பது அவன் கேள்வி. போருக்குப் பிந்தைய சமூகநலத் திட்டத்தை முன்வைத்து 1942 டிசம்பரில் வந்த பெவரிட்ஜ் அறிக்கையை இங்கே ஒரு வரியில் சொல்லலாம். ஆனால் 1945 தேர்தலில் லேபர் கட்சி வென்றதைப் படம் முன்கூட்டியே கண்டுவிட்டது என்று எழுதினால் அது மிகை. அரசின் ஆதரவோடு வந்த படத்திலேயே அந்தச் சந்தேகம் இடம்பெற்றது என்பதே வலுவான வாதம்.

அப்புறம், இயக்குநர்களின் வாழ்க்கைக் குறிப்பை மனப்பாடம் செய்யும் நேரத்தில் அதே ஆண்டு வந்த 'த ஜென்டில் செக்ஸ்' படத்தைப் பாருங்கள். அதில் பெண்கள் ராணுவச் சீருடையில் வருவார்கள். ஒப்பிட்டு எழுதச் சொன்னால் செலியாவின் ஆலை வேலைக்குப் பக்கத்தில் வைக்க அது நன்றாகப் பொருந்தும்.